சொந்தக் காசில் நாவல் போட்டவர்கள்: இதெல்லாம் தெரியுமா?

"கையில இருக்கிற காசைப் போட்டு ஒரு நாவல் அச்சடிக்கப் போறேன்" என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். "சொந்தச் செலவுல சூனியமா?" என்ற பதில் உள்ளிருந்து வந்து விழும். வீடு கிடக்கட்டும். இலக்கியக் கூட்டங்களிலேயே "அது அவரே போட்டுக்கிட்ட புக்கு" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி: 'எ கிறிஸ்துமஸ் கேரல்' யார் காசில் அச்சானது தெரியுமா?

சார்லஸ் டிக்கன்ஸின் சொந்தக் காசில்! ஆண்டு 1843. அப்போது வந்துகொண்டிருந்த அவருடைய தொடர்கதை சரியாகப் போகவில்லை. பதிப்பாளர்கள் ஊதியத்தில் கைவைக்கப் பார்த்தார்கள். மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆறே வாரத்தில் புதுக் கதை. வண்ணப்படங்கள், தங்கப்பூச்சு விளிம்பு என்று தன் செலவில் இழைத்தார். விலையை மட்டும் ஐந்து ஷில்லிங்கில் நிறுத்தினார். டிசம்பர் 19 அன்று வெளியீடு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளுக்குள் 6,000 பிரதியும் காலி! சரி, லாபம்? ஆயிரம் பவுண்டு வரும் என்று கணக்குப் போட்டிருந்தார், வந்தது 230. அத்தனையும் விற்றும் கையைக் கடித்த புத்தகம்! தங்க விளிம்பு கேட்கும் எழுத்தாளர் இன்றும் இருக்கிறார், ஆகவே அச்சகக்காரர்கள் இந்தக் கதையைச் சட்டம்போட்டு மாட்டி வைக்கலாம்.

ஜேன் ஆஸ்டின் கதை இன்னும் விசித்திரம். 1803இல் ஒரு நாவலைப் பத்து பவுண்டுக்கு ஒரு பதிப்பாளரிடம் விற்றார். பதிப்பாளர் அதை அச்சிடவே இல்லை! ஆறு ஆண்டு பொறுத்த ஆஸ்டின், 'மிஸஸ் ஆஷ்டன் டென்னிஸ்' என்ற புனைபெயரில் ஒரு காட்டமான கடிதம் எழுதினார். அந்தப் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் என்ன வரும் தெரியுமா? 'மேட்'! ஆங்கிலத்தில் கோபக்காரி, பைத்தியம் இரண்டுக்கும் அதுதான் சொல். பத்து பவுண்டைத் திருப்பிக் கொடுத்தால் கைப்பிரதியைத் தருகிறோம் என்றது பதில். 1816இல்தான் அவர் அண்ணன் ஹென்றி பணத்தைக் கட்டி மீட்டார். மீட்டு முடித்த பிறகு, இதை எழுதியவர் யார் என்று சாவகாசமாகச் சொன்னாராம் ஹென்றி. பதிப்பாளர் முகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்! ஏனென்றால் அதற்குள் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' ஊரையே கலக்கியிருந்தது.

இதிலேயே இன்னொரு வேடிக்கை. 1811இல் வந்த 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யை நஷ்டம் வந்தால் என் பொறுப்பு என்று சொல்லித்தான் ஆஸ்டின் வெளியிட்டார். முதல் பதிப்பிலேயே 140 பவுண்டு லாபம். ஆனால் உலகமே கொண்டாடும் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' உரிமையை மொத்தமாக 110 பவுண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு எத்தனை பதிப்பு வந்தால் என்ன, அவருக்கு ஒரு பென்னிகூட இல்லை. துணிந்து சொந்தப் பொறுப்பில் போட்டதில் லாபம், பத்திரமாக விற்றதில் நஷ்டம்!

பிரெஞ்சு இலக்கியத்தின் மலைச்சிகரம் என்கிறார்களே மார்செல் புரூஸ்ட், அவருடைய மாபெரும் நாவலின் முதல் பாகமும் 1913இல் சொந்தப் பணம் கொடுத்துப் போட்டதுதான். ஒருவன் தூக்கம் வராமல் படுக்கையில் புரள்வதைச் சொல்ல முப்பது பக்கமா என்று அலுத்துக்கொண்டார் ஒரு பதிப்பக அதிகாரி. திருப்பி அனுப்பியவர்களில் எழுத்தாளர் ஆந்த்ரே ழீதும் ஒருவர். மறு ஆண்டே புரூஸ்டுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். 1919இல் இரண்டாம் பாகத்துக்கு கோன்கூர் பரிசு!

இவர்களையெல்லாம் ஓரம் கட்டும் ஒரு காட்சி பீட்டர்ஸ்பர்க்கில் நடந்தது. 1873 ஜனவரி. நாவலின் பெயர் 'அசுரர்கள்'. எழுதியவர் தஸ்தயேவ்ஸ்கி. பதிப்பித்தவர் யார் தெரியுமா? அவர் மனைவி அன்னா! கடன்காரர்கள் வாசலில், பதிப்பாளர்கள் கொடுப்பதோ சொற்பம், அதுவும் தவணையில். இருபத்தாறு வயது அன்னா ஒரு வேலை செய்தார். அச்சகங்களுக்கும் கடைகளுக்கும் போய், ஏதோ வழிப்போக்கர் விசாரிப்பதுபோல் விசாரித்தார். காகிதம் கடனுக்குக் கிடைக்குமா? பைண்டிங்குக்கு என்ன ஆகும்? கடைக்காரருக்கு எத்தனை சதவீதம் கழிவு? ஒவ்வொன்றாகக் கறந்தார். பிறகு 3,500 பிரதி அச்சிட்டு, பிரதிக்கு மூன்றரை ரூபிள் என்று விலை வைத்து, பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்துவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். கடை கிடையாது, கிட்டங்கி கிடையாது, வீடுதான் எல்லாம்.

காலையில் மணி அடித்தது. ஒரு புத்தகக் கடையின் ஆள், பத்துப் பிரதி வேண்டும் என்றான். கழிவைக் கூட்டித்தரச் சொல்லிப் பேரம். அன்னா அசையவில்லை. அடுத்த ஆள். அதற்கடுத்த ஆள். தஸ்தயேவ்ஸ்கியோ இரவெல்லாம் எழுதிவிட்டு நண்பகலுக்கு எழுகிறவர். எழுந்து வந்து, "வியாபாரம் எப்படி?" என்று கிண்டலாகக் கேட்டார். முதல் நாளிலேயே 115 பிரதி போயிருந்தது! அவர் நம்பவில்லை, அன்னா பையிலிருந்து ரூபிள் நோட்டுகளை எடுத்துக் காட்டிய பிறகுதான் நம்பினார். ரஷ்ய இலக்கியத்தின் இருண்ட நாவல்களில் ஒன்று இப்படிச் சாப்பாட்டு அறைக்கும் வாசற்கதவுக்கும் நடுவில் விற்றது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. 'சூதாடி' நாவலை 1866இல் 26 நாளில் சுருக்கெழுத்தில் எடுத்துத் தந்தவரும் இதே அன்னாதான். எழுத்தாளரின் மனைவி என்று அவரை ஒரு வரியில் அடக்குகிறவர்களைப் பார்த்தால் கோபமும் வருகிறது.

சாப்பாட்டு அறை என்றதும் இன்னொன்று. வர்ஜீனியா வுல்ஃபும் கணவர் லெனார்டும் 1917இல் ஒரு சின்னக் கை அச்சு இயந்திரம் வாங்கினார்கள். அச்சுத்தொழில் பயிலப் பள்ளி தேடினால், தொழிற்சங்க உறுப்பினர்களைத்தான் சேர்ப்போம் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். கூட வந்த பதினாறு பக்கக் குறிப்பேடுதான் குரு! இயந்திரம் நின்ற இடம் சாப்பாட்டு மேசை. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோப்பது வர்ஜீனியா, அச்சடிப்பது லெனார்டு. முதல் புத்தகத்தில் ஆளுக்கொரு கதை, 150 பிரதி. 1922இல் வந்த 'ஜேக்கப்ஸ் ரூம்' தொடங்கி வர்ஜீனியாவின் எல்லா நாவல்களும் இந்த வீட்டுப் பதிப்பகத்தின் வெளியீடுதான். அதாவது, உலகப் புகழ்பெற்ற அந்த எழுத்தாளர் தன் நாவலை ஏற்கலாமா வேண்டாமா என்று தானே முடிவுசெய்துகொண்டார்! கூடுதல் செய்தி: ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸஸ்' இந்த மேசைக்கும் வந்தது. இவ்வளவு பெரிசைக் கையால் கோத்து முடிக்க முடியாது என்று திருப்பிவிட்டார்கள்.

சரி, நம்மூருக்கு வருவோமா? திருவல்லிக்கேணியில் ஒரு பெண். ஐந்தரை வயதில் கல்யாணம். கதை சொல்ல வரும், சரளமாக எழுத வராது. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார்; 'இந்திர மோகனா' என்ற நாடகம் பிறந்தது. அதே பெண் பிற்பாடு 115 நாவல்கள் எழுதினார் என்றால் நம்புவீர்களா? வை. மு. கோதைநாயகி அம்மாள்! 1925இல் அவர் செய்த காரியம்தான் இந்தக் கட்டுரைக்கே மகுடம். 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையையே வாங்கிவிட்டார். கதையை அனுப்பிவிட்டு ஆசிரியர் பதிலுக்காகத் தபால்காரரைப் பார்த்து நிற்பானேன்? ஆசிரியரே நான்தான்! தன் நாவல்களைத் தன் பத்திரிகையில் தொடராக விட்டார், புத்தகமாகப் போட்டார். பெண் பத்திரிகை நடத்துவதா என்று முணுமுணுத்த காலம் அது. விடுதலைப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். துப்பறியும் கதையும் எழுதினார்! நம் இலக்கிய வரலாற்று நூல்கள் இவருக்கு ஒதுக்கும் இடத்தை எண்ணினால் வருத்தம்தான். 115 நாவலுக்கு ஒரு பத்தி போதுமா?

இதே தந்திரத்தை 1959இல் ஹாங்காங்கில் ஒருவர் செய்தார். சீன மொழி வாசகர்கள் தலையில் வைத்து ஆடும் வாள்வீச்சுக் கதை மன்னர் ஜின் யோங். அவர் ஆரம்பித்தது வாராந்தரியோ மாதாந்தரியோ அல்ல, 'மிங் பாவ்' என்ற தினசரி செய்தித்தாள்! முதல் இதழிலிருந்தே அவருடைய தொடர்கதை ஓடியது. கதைக்காகப் பேப்பர் வாங்கினார்கள் ஜனங்கள்.

அதே 1959 ஜனவரியில் சென்னையில் சி. சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். 1970 வரை 119 இதழ்கள். எழுத்து பிரசுரத்தின் புத்தகங்களைத் தோளில் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர் அவர். இது பலருக்கும் தெரியும். தெரியாதது இது: விடுதலைப் போராட்டத்தைப் பற்றி அவர் எழுதிய 'சுதந்திர தாகம்' மூன்று பாகங்களாக 1997இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 85ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. வெளியிட்டவர்? அவரேதான்! மறு ஆண்டு டிசம்பரில் காலமானார். 2001இல் சாகித்ய அகாதெமி விருது அந்த நாவலுக்கு வந்து சேர்ந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா. முடிதிருத்தும் நிலையத்தில் வேலைபார்த்தபடி சிறுகதை எழுதி, இலங்கை சாகித்திய மண்டலப் பரிசு வாங்கியவர். 1966இல் 'மல்லிகை' என்ற மாத இதழைத் தொடங்கினார். ஆசிரியர் குழு கூடிய இடம் சலூன்தான். எழுத்தாளர், ஆசிரியர், விநியோகஸ்தர் எல்லாம் ஒரே ஆள். இதழ்களைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் நடந்து விற்றார். நாற்பது ஆண்டுக்கு மேல் நடந்தது அந்த இதழ்! ஈழத்தில் எழுத்தாளர் பலர் இன்றும் தம் கைக்காசில்தான் புத்தகம் போடுகிறார்கள். அங்கே வெளியீட்டு விழாவுக்கு ஒரு தனி மரபு உண்டு, தெரியுமா? முதற்பிரதியை ஒரு பெரியவர் பெறுவார், பிறகு சிறப்புப் பிரதிகள், அதன்பின் வந்தவர்கள் வரிசையாக மேடையேறி உறையில் பணம் வைத்துக் கொடுத்துப் பிரதி வாங்குவார்கள். கல்யாண மொய்போல! அச்சகக் கடன் ஒரே மாலையில் அடைவதும் உண்டு. நம் சென்னை விழாக்களில் பொன்னாடைக்குச் செலவாகும் பணத்தை இப்படித் திருப்பிவிட்டால் தேவலை.

மூச்சு வாங்க நேரமில்லை, வரிசையாக இன்னும் சில! 'பீட்டர் ராபிட்' முயல் கதையை 1901இல் பீட்ரிக்ஸ் பாட்டர் 250 பிரதி தானே அடித்துத்தான் வெளியிட்டார். டப்ளின் பள்ளி ஆசிரியர் ராடி டாயில் 1987இல் வங்கிக் கடன் வாங்கி 'தி கமிட்மெண்ட்ஸ்' போட்டார். அது சினிமாவானது, அவருக்கு 1993இல் வேறொரு நாவலுக்காக புக்கர் பரிசும் வந்தது. ஸ்டீபன் கிங் பள்ளிக்கூடத்திலேயே ஒரு திரைப்படத்தைக் கதையாக்கி அச்சடித்துத் தலைக்கு 25 சென்ட் வீதம் விற்றுத் தள்ளினார்; வாங்கியவர்களுக்கெல்லாம் காசைத் திருப்பிக் கொடுக்க வைத்துவிட்டது பள்ளி. ஷான் ஹெய்கின்ஸ் என்ற வெள்ளைக்காரப் பெயரில் 2007இல் 'தி ரோசபால் லைன்' என்ற நாவல் சுயவெளியீடாக வந்ததே, அந்த வெள்ளைக்காரர் யார்? மும்பையின் அஷ்வின் சாங்கி! தன் ஆங்கிலப் பெயரின் எழுத்துகளையே கலைத்துப்போட்டு அடுக்கியிருந்தார்.

வெளியிடவே நினைக்காதவர்களும் உண்டு. சிகாகோவில் ஆஸ்பத்திரி துப்புரவுத் தொழிலாளியாக இருந்தவர் ஹென்றி டார்கர். தள்ளாத வயதில் அவர் முதியோர் இல்லத்துக்குப் போன பிறகு, வாடகை அறையை ஒழிக்கப் போன வீட்டுக்காரர் திகைத்து நின்றார். தட்டச்சு செய்த 15,145 பக்க நாவல்! கூடவே நூற்றுக்கணக்கில் ஓவியங்கள். யாருக்கும் அவர் காட்டியதே இல்லை. இதற்கு நேர்மாறு ப. சிங்காரம். 'புயலிலே ஒரு தோணி'யை எழுதிவிட்டுப் பதிப்பாளர் கிடைக்காமல் பத்தாண்டு காத்திருந்தார். 1972இல்தான் அச்சேறியது. இன்று தமிழின் தலைசிறந்த நாவல்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அது இருக்கிறது. அந்தப் பத்தாண்டில் கைப்பிரதியைக் கரையான் தின்றிருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

இப்போதைய காலத்துக்கு வாருங்கள், தலை சுற்றும். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் மாற்றுத்திறனாளிகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்த அமாண்டா ஹாக்கிங், 2010 ஏப்ரலில் தன் நாவல்களை அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் ஏற்றினார். எதற்காக? சிகாகோவில் நடக்கவிருந்த மப்பெட் பொம்மைக் கண்காட்சிக்குப் போக 300 டாலர் வேண்டும், அவ்வளவுதான்! மறு ஆண்டே ஒரு பெரிய பதிப்பகம் நான்கு நாவலுக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது. ஆண்டி வெயர் என்ற மென்பொருள்காரர் 'தி மார்ஷியன்' கதையைத் தன் இணையதளத்தில் இலவசமாகப் போட்டார். வேதியியல் தெரிந்த வாசகர்கள் தப்பு கண்டுபிடிக்க, இவர் திருத்த, கதை வளர்ந்தது. கிண்டிலில் இலவசமாகத் தர வழியில்லாததால் 99 சென்ட் என்று விலை வைத்தார். சும்மா கிடைத்ததை எடுத்தவர்களைவிடக் காசு கொடுத்து வாங்கியவர்கள் அதிகம்! புத்தக ஒப்பந்தமும் சினிமா ஒப்பந்தமும் ஒரே வாரத்தில் வந்தன.

பிராண்டன் சாண்டர்சன் ஓட்டலில் இரவுப் பணி பார்த்தபடி நாவல் நாவலாக எழுதிக் குவித்தவர். 2005இல் முதலில் அச்சானது அவர் எழுதிய ஆறாவது நாவல்! அவரே 2022 மார்ச்சில், கொரோனாக் காலத்தில் ரகசியமாக எழுதிய நான்கு நாவல்களை நேரடியாக வாசகர்களுக்கு விற்கிறேன் என்று அறிவித்தார். 1,85,000 பேருக்கு மேல் சேர்ந்து கட்டிய பணம் 4 கோடியே 17 லட்சம் டாலர்! பதிப்பகங்கள் வாயடைத்து நின்றன.

இப்படித் தாமே வெளியிடுகிறவர்களின் கூட்டம் எவ்வளவு தெரியுமா? 2018இல் அமெரிக்காவில் மட்டும் ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண் பெற்ற சுயவெளியீடுகள் 16 லட்சத்து 80 ஆயிரம். 2023 செப்டம்பரில் அமேசான் ஒரு விதி கொண்டுவந்தது: ஒரு எழுத்தாளர் ஒரு நாளைக்கு மூன்று புத்தகத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. ஒரு நாளைக்கு மூன்று! செயற்கை நுண்ணறிவு கதை பிழிந்து கொட்டியதன் விளைவு. நாவல்களாக எழுதிக் குவித்த நம் ராஜேஷ்குமாரே மலைத்துப்போவார்.

அந்த ஐஎஸ்பிஎன் எண் ஒன்றுக்கு அமெரிக்க எழுத்தாளர் 125 டாலர் அழ வேண்டும். இந்தியாவில்? இலவசம்! இன்னொன்றும் பாருங்கள்: 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்நாட்டில் வெளியாகும் புத்தகத்தின் பிரதிகள் 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் போய்ச் சேர வேண்டும். அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணை கிடைக்குமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறோமே, அது வேறு. இது ஐம்பது பிரதி அடித்தவருக்கும் உள்ள கடமை. கன்னிமாரா அலமாரியில் கல்கிக்குப் பக்கத்தில் இடம்பிடிக்கக் குறுக்குவழியும்கூட.

ஜப்பானில் 2007இல் அதிகம் விற்ற பத்து நாவல்களில் ஐந்து, செல்போனில் எழுதித் தொடராக வெளியானவை. நம்மூரில் அது இப்போது அன்றாடம். மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது போனில் தட்டி, ராத்திரி ஒன்பது மணிக்கு அத்தியாயத்தை இணையதளத்தில் ஏற்றும் பெண்கள் எத்தனை பேர்! அத்தியாயத்துக்கு அங்கே 'யூடி' என்று பெயர். ஒரு நாள் தவறினால், "அடுத்த யூடி எப்போ சிஸ்?" என்று வாசகிகள் பிய்த்து எடுத்துவிடுவார்கள். முரட்டு 'ஆன்டி ஹீரோ' கதைகளை நான் ரசிப்பதில்லை. ஆனால் இரண்டு யூடிக்கு நடுவில் அந்த வாசகிகள் எழுதும் விமர்சனத்தின் நுணுக்கம் பல கருத்தரங்குகளில் கிடைப்பதில்லை.

இதே கதை நைஜீரியாவின் கானோ நகரிலும் நடக்கிறது தெரியுமா? அங்கே பெண்கள் ஹவுசா மொழியில் காதலும் குடும்பமும் கலந்த நாவல்களை எழுதி, தாமே காசு போட்டு அச்சடித்து, சந்தைக் கடைகளில் விற்கிறார்கள். வானொலியிலும் அவற்றைப் படித்துக் காட்டுவார்கள். 2007இல் கானோ மாநில ஆளுநர் ஒரு பெண்கள் பள்ளியில் இந்தப் புத்தகங்களைத் தீயில் போட்டே கொளுத்தினார்! எழுதுவது நின்றதா? அதுதான் இல்லை.

இந்த எழுத்தாளர்களில் முன்னோடி பலராபா ராமத் யாகுபு. சிறுமியாக இருக்கும்போதே கட்டிக்கொடுக்கப்பட்டு, மணமுறிவுக்குப் பின் முதியோர் கல்வி வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். நைஜீரிய அதிபராக இருந்து 1976இல் கொல்லப்பட்ட முர்த்தலா முகம்மதுவின் தங்கை! அவருடைய நாவல் ஒன்று முழுதாக ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு 2012இல் வெளிவந்தது. வெளியிட்டது லண்டனா, நியூயார்க்கா? இரண்டும் இல்லை. சென்னை! 2008இல் ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர், ரமணிசந்திரன் கதைகளை ஆங்கிலத்தில் ஒரே தொகுப்பாகப் போட்டதே 'பிளாஃப்ட்' பதிப்பகம், அதே பதிப்பகம்தான்!